மூன்றாம் பாத்திக்கு ஊற்றிய தண்ணீர்

ராமநாதபுரத்தில் ரயில் நின்றபோது எதிர் இருக்கைக்காரர் என் தெர்மோகோல் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலிப் பெட்டியா? மீன் வாங்கவா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். ராமேஸ்வரம் போகிற ரயிலில் பாவத்தைத் தொலைக்கப் போகிறவர்கள்தான் அதிகம். காலிப் பெட்டியோடு வருகிறவள் மீனுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியதில் தப்பில்லை. மண் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். "ஏன், கோயமுத்தூர்ல மண்ணு இல்லையா?" என்றார். அது வேறு மண் என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகரப் பார்த்தது. பெட்டியையும் மண்வெட்டிப் பையையும் என்னையும் ஒருவழியாகக் கீழே இறக்கினேன்.

நான் மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஆராய்ந்து பிழைப்பவள். கோவையில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர் வரும். அங்கே உட்கார்ந்துகொண்டு வறண்ட புல்தரையின் மண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பரிகாரம் மாதிரி, சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மேய்ச்சல் தரையில் ஐந்து வருடமாக மூன்று பாத்திகள் போட்டு வைத்திருக்கிறோம்.

முதல் பாத்திக்குக் கூரை கிடையாது. வானம் கொடுப்பது அப்படியே விழும். இரண்டாவதற்கு மேலே பிளாஸ்டிக் தகடுகளை இடைவெளி விட்டு வேய்ந்திருக்கிறோம், மழையில் பாதிதான் உள்ளே வரும். மூன்றாவதற்கு முழுக் கூரை. அதன்மேல் விழும் மழை குழாய் வழியாகப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தொட்டியில் சேரும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரை மொத்தமாகப் பாத்தியில் ஊற்ற வேண்டும். மழையின் அளவு அதேதான், ஆனால் சிறுகச் சிறுக வராமல் எப்போதாவது ஒரேயடியாகக் கொட்டுகிறது. இனிவரும் காலத்தில் மழை இப்படித்தான் பெய்யும் என்கிறார்கள். இப்போதே பாதி அப்படித்தான் பெய்கிறது.

மண் காய்ந்தால் பாக்டீரியா எல்லாம் செத்துவிடுவதில்லை. உப்பு மாதிரியான சில பொருட்களை உடம்புக்குள் சேர்த்து வைத்து, இருக்கிற ஈரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது. திடீரென்று மழை வந்தால் சேர்த்து வைத்ததையெல்லாம் சட்டென்று வெளியே தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துப்போகும். தப்பித்தவை மூச்சு விட ஆரம்பிக்கின்றன. மண்வாசனை என்று நாம் உருகுவதெல்லாம் இவற்றில் சிலவற்றின் கைங்கரியம்.

எங்கள் யோகம் மூன்றாம் பாத்தியில்தான் இருந்தது. முதல் மூன்று வருடம் அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான்காம் வருடத்திலிருந்து, ஈரத்தை இறுகப் பிடிக்கத் தெரிந்த பாக்டீரியா வகைகள் அங்கே திருவிழாக் கூட்டம்போலப் பெருகிவிட்டன. மழை பெய்யும் விதம் மாறினால் மண் தன்னை இப்படி மாற்றிக்கொள்ளும் என்று எழுதினோம். அடுத்த மாதம் அதைச் சொல்ல நான் வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். ஆய்வை இன்னும் சில வருடம் நீட்டிப்பார்களா, இழுத்து மூடுவார்களா என்பதும் அங்கேதான் முடிவாகும். இந்த முறை முதல் மழைக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் மண் எடுத்துவிட்டால் கதை முழுமையாகிவிடும். முதல் மழை நாளை மறுநாள் என்று வானிலை சொன்னது. நம்பித்தான் வந்தேன்.

நிலையத்துக்கு வெளியே ஜபருல்லா தன் பழைய ஆம்னி வேனோடு நின்றார். கீழக்கரைக்காரர், சவூதியில் தம்மாமில் பல வருடம் வண்டி ஓட்டியவர். நான் வரும்போதெல்லாம் அவர் வண்டிதான். "மேடம், அங்கன பாலைவனத்துல கூட இம்புட்டு மண்ணை யாரும் பாதுகாத்து வச்சதில்ல" என்பது என்னைப் பார்த்ததும் அவர் சொல்லும் முகமன். கீழக்கரையில் நிறுத்தி நெய்ச்சோறும் தால்ச்சாவும் வாங்கித் தந்தார். கறுப்பாகப் பளபளக்கும் தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பில் ஒரு துண்டு வெட்டிக் காகிதத்தில் சுற்றி என் பையில் போட்டார். கோவையில் அல்வாவை எதனோடு ஒப்பிட்டாலும் அல்வா ஜெயிக்கும். தொதலிடம் மட்டும் கொஞ்சம் தயங்கி நிற்கும் என்று சொன்னேன். "ஊருக்குப் போயி இதையே சொல்லணும்" என்றார்.

ஏர்வாடி தாண்டியதும் சாலையின் இருபக்கமும் கருவேலங்காடுதான். நடுநடுவே பனைகள். ஓரிடத்தில் ஆட்டு மந்தை ஒன்று சாலையை நிறைத்துக்கொண்டு கடந்தது. மந்தைக்குப் பின்னால் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை இரண்டு பெண்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். கோவையில் சாலையில் எதிரே வரும் தண்ணீர் லாரியைப் பார்த்தால் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். இங்கே ஜபருல்லா அந்தத் தள்ளுவண்டிக்காகவே வேனை மண்ணில் இறக்கி நிறுத்தினார். "ஒரு குடம் சிந்துச்சுன்னா நம்மளத் தூக்கிப் போட்டு மிதிப்பாக" என்றார்.

பாத்திகள் முத்திருளாயியின் நிலத்தில் இருக்கின்றன. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் கமுதிப் பக்கம் கருவேல விறகில் கரிமூட்டம் போடப் போய்விடுவதால், நிலம், ஆடுகள், எங்கள் பாத்திகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. பாக்டீரியாவை அவர் பூச்சி என்பார். நானும் திருத்தி அலுத்துவிட்டேன். நான் டீச்சர் இல்லை என்று சொல்லியும் அலுத்துவிட்டது.

"வாங்க டீச்சரு. மெலிஞ்சு போயிட்டீகளே. ஒங்க பூச்சியெல்லாம் சொகமா இருக்கு" என்றார். கிடா ஒன்று இரண்டாம் பாத்திப் பக்கம் எட்டிப் பார்த்தது. "ஏலே, அங்கன போகாத! அது சர்க்காரு புல்லு" என்று அதை விரட்டினார். கொழுக்கட்டைப் புல் காய்ந்து சணல் நிறத்தில் நின்றது. இருட்டப் போகிறதென்று பாத்திகளைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

டீ கொடுத்தார். முத்திருளாயி வீட்டு டீயைப் பற்றி நான் ஆய்வுக்கூடத்தில் பலமுறை பேசியிருக்கிறேன். இந்தக் கரையில் எங்கே டீ குடித்தாலும் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கரிப்பு நிற்கும். இவர் வீட்டில் மட்டும் அது இருக்காது. "சிறுவாணித் தண்ணியில போட்ட மாதிரி இருக்கு" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாம் ஒங்க புண்ணியந்தான்" என்றார். பாத்திகளைப் பார்த்துக்கொள்வதற்கு நாங்கள் கொடுக்கும் சம்பளத்தைச் சொல்கிறார் என்று நினைத்து அடக்கத்தோடு தலையசைத்தேன்.

சாயல்குடி விடுதியில் சோப்பு நுரைக்கவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் கையில் பிசுக்கு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தலை சீப்புக்கு அடங்கவில்லை. இந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பெயர், மற்றதற்கு வெறும் தண்ணி. நிலத்தடியில் இருப்பது உப்பு. நல்ல தண்ணி லாரியில் வரும், இல்லாவிட்டால் வானத்திலிருந்து வரும். இரண்டும் நினைத்தால்தான் வரும்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. மழைக்கு முந்திய மண்ணை மழைக்கு எவ்வளவு பக்கத்தில் எடுக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் எடுக்க வேண்டும். ஆனால் மண்ணை வைக்க ஐஸ் வேண்டும். சாயல்குடியில் ஐஸ் இல்லை, பாம்பனில் கிடைக்கும் என்றார் ஜபருல்லா. பாம்பன் வரைக்கும் போய்விட்டு தனுஷ்கோடி பார்க்காமல் வருவது பாவம் என்றும் சொன்னார். அவருக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன, இரண்டாவது அவர் மச்சான் வீட்டுக் கல்யாண அழைப்பிதழை ராமேஸ்வரத்தில் கொடுப்பது. அதுவும் போகிற வழியில் தெரிந்துவிட்டது.

பாம்பன் பாலத்தில் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. கீழே கடல் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்தைச் சுற்றி ஒரு பஸ், ஒரு மீன் லாரி, நாங்கள் எல்லோரும் ஹாரன் அடித்தோம். அவர்கள் எங்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தனுஷ்கோடியில் சுற்றுலா வந்தவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள். புயல் அள்ளிக்கொண்டு போன ஊர் என்று எழுதி வைத்த பலகைக்குக் கீழே அன்னாசி விற்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜபருல்லா என்னைச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே மணலில் இடுப்பளவு பள்ளம். அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊறி நின்றது. மீனவர் வீட்டு அம்மா ஒருவர் குனிந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் நல்ல தண்ணி.

குடிக்கக் கேட்டேன். சிரட்டையில் தந்தார். இனிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் கரிப்பு துளியும் இல்லை. பாதி குடித்துவிட்டு, வீட்டில் செய்கிற பழக்கத்தில் மிச்சத்தை மணலில் கொட்டினேன். அந்த அம்மா நிமிர்ந்தார்.

"ஏம்மா, நல்ல தண்ணியப் போயி மண்ணுல ஊத்துற! மண்ணு என்ன குடிக்கவா கேட்டுச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். "வெளியூருல்ல, தெரியாது அவுகளுக்கு" என்று ஜபருல்லா எனக்காகப் பேசினார். அந்த அம்மா என் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டு, பழையபடி குனிந்தார். ஊற்று நிறையும்வரை காத்திருந்து மொள்ள வேண்டும். நான் கொட்டியதற்கு அவர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருக்க வேண்டியிருந்தது.

ராமேஸ்வரத்தில் அழைப்பிதழ் கொடுத்த வீட்டில் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நண்டுக் குழம்பில் முண்டு வத்தல் காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. "மேடத்துக்கு ரசம் ஊத்துங்க லாத்தா, கொங்குநாட்டு நாக்கு" என்று ஜபருல்லா உள்ளே இருந்த அக்காவுக்குக் குரல் கொடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது வானம் திடீரென்று கறுத்துக் கொட்ட ஆரம்பித்தது. எனக்குப் பதற்றம் பற்றிக்கொண்டது. மழை ஒரு நாள் முந்தி சாயல்குடியிலும் பெய்துவிட்டால் வந்த காரியம் கெட்டது. முத்திருளாயிக்குப் போன் போட்டேன்.

"இங்கன ஒரு பொட்டு இல்ல டீச்சரு. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. அங்கன பெய்யுதா? கொஞ்சம் இங்கிட்டு அனுப்பி வைங்க."

பாம்பனில் ஐஸ் உடைத்துக் கொடுத்த ஆள், பெட்டியில் என்ன மீன் வைக்கப்போகிறேன் என்று கேட்டார். மண் என்றேன். அவர் ஜபருல்லாவைப் பார்த்தார். ஜபருல்லா ஆமாம் என்று தலையசைத்தார். "கெடாமப் பாத்துக்கங்க" என்று இரண்டு பாளம் கூடுதலாகப் போட்டார். திரும்பும் வழியில் ஆம்னியின் ஒரு டயர் பஞ்சராகி, நாங்கள் உப்பளங்களுக்கு நடுவே ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரிசையாக வெள்ளை உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

மூன்றாம் நாள் காலையிலேயே தெற்கே மேகம் கட்டியிருந்தது. இன்று பெய்துவிடும் என்றார் முத்திருளாயி. முதல் பாத்தியில் மண் எடுத்தேன். இரண்டாவதிலும் எடுத்தேன். பைகளில் எழுதி ஐஸில் வைத்துவிட்டு மூன்றாவதற்கு வந்து மண்டியிட்டேன். புல்லின் அடித்தூரைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நேற்றுப் பார்த்த குவியல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இந்தப் பாத்தியில் உப்பு ஏறுவது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறோம். ஒரேயடியாக நனைந்து ஒரேயடியாகக் காய்ந்தால் அடி உப்பு மேலே வரும் என்று அதற்கு ஒரு விளக்கமும் கட்டுரையில் எழுதி வைத்திருந்தோம். நல்ல விளக்கம், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கண்ணால் பார்த்தபோது இவ்வளவு உப்புக்கு அந்த விளக்கம் போதவில்லை. எழுந்து நின்று, ஏன் என்று தெரியாமலே கறுப்புத் தொட்டியைத் தட்டினேன். ஜனவரியோடு காலியாகி, கணீரென்று ஒலிக்க வேண்டிய தொட்டி. அடிப்பக்கம் தொம் தொம் என்றது. உள்ளே தண்ணீர் இருந்தது.

முத்திருளாயியைக் கூப்பிட்டேன். "தொட்டியில தண்ணி இருக்கே?"

"இருக்கு டீச்சரு. சித்திரை வரைக்கும் வரும்னு பாத்தேன், ஐப்பசி வரைக்கும் வந்திருச்சு. ஒங்களுக்கு டீ போட்டது அதுலதான்."

"அப்ப பாத்திக்கு ஊத்துனது?"

"அது கெணத்துத் தண்ணி" என்றார் சாதாரணமாக. "நீங்க கோடு போட்டுக் குடுத்த அளவு கொறையாம ஊத்துனேன். ஒரு மாசம் தவறல. அன்னைக்கி லாரி வராமப் போச்சுல்ல, ரெண்டு வருசத்துக்கு முந்தி, அப்பத்துலருந்து. வீட்டுல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. இங்கன தொட்டி நெறைய நல்ல தண்ணி. அதக் கொண்டுபோயி புல்லுக்கு ஊத்த எனக்கு மனசு வரல டீச்சரு. புல்லுக்குக் கெணத்துத் தண்ணி போதாதா? அதுவும் தண்ணிதான?"

கிணற்றுத் தண்ணீரை நான் ஒருமுறை குடித்திருக்கிறேன், மறக்க முடியாது. ஆக, திருவிழாக் கூட்டம்போலப் பெருகிய அந்த வகைகள் மழைக்குப் பழகியவை அல்ல, உப்புக்குப் பழகியவை. தண்ணீர் இல்லாமல் தவித்தாலும் உப்பில் தவித்தாலும் அவை செய்கிற காரியம் ஒன்றுதான், ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்வது. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எங்களுக்கும் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முத்திருளாயியின் மேல் காட்டுவதற்கில்லாத கோபம், ஆனால் எதிரே நின்றது அவர்தான். "ரெண்டு வருஷ வேலை போச்சு" என்றேன். "இதை வச்சுத்தான் நான் அடுத்த மாசம் வெளிநாடு போறதா இருந்தேன். உப்புத் தண்ணி ஊத்துனா எல்லாம் தப்பு. நல்ல தண்ணிதான் ஊத்தியிருக்கணும்." குரல் உயர்ந்துவிட்டது. முத்திருளாயி தொட்டியைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வேனில் ஏறினேன். மூன்றாம் பாத்தியில் மண் எடுக்கவில்லை.

அங்கே நின்று பேச மனமில்லாமல் சாயல்குடி வரைக்கும் போனோம். எங்கள் துறைத் தலைவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர், "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கு, அந்தம்மாவுக்கு, டிரைவருக்கு."

"உப்பு ஏறுறதுக்கு நாம ஏற்கெனவே ஒரு காரணம் எழுதியிருக்கோம் இல்லையா? அது தப்புன்னு யாரும் சொல்லல. மூணாவது பாத்தியிலயும் மண்ணை எடுத்துட்டு வாங்க. இங்க வந்து பேசிக்கலாம். அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணாதீங்க. நான் சாயங்காலம் கூப்பிடறேன்."

சரி என்று வைத்துவிட்டேன். மறுத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சரி என்றுதான் சொன்னேன். அந்த விளக்கம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று திரும்ப ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பொய் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தால் போதும். பக்கத்தில் ஜபருல்லா பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடவில்லை.

"அக்கா மேல கோவமா மேடம்?" என்றார்.

"இல்ல."

"எங்க உம்மா தொழுகைக்கு ஒளுச் செய்யிற தண்ணியக்கூட ஒரு தேக்சாவுல புடிச்சு முருங்கைக்கு ஊத்துவாக. நல்ல தண்ணியச் செடிக்கு ஊத்துறவுகள இந்தப் பக்கம் நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

திரும்பும்போது மேகம் தலைக்கு மேல் வந்திருந்தது. காற்று குளிர்ந்துவிட்டது. பனைமட்டைகள் சடசடத்தன. வேனை விட்டு இறங்கியதும் மண்வாசனை மூக்கில் ஏறியது. மழை முந்திக்கொண்டுவிட்டது என்று நினைத்து ஓடினேன். வழியெல்லாம் புழுதி. முதல் பாத்தி காய்ந்து கிடந்தது. இரண்டாவதும் காய்ந்து கிடந்தது. மூன்றாம் பாத்தி மட்டும், முழுக் கூரைக்கு அடியில், கருகருவென்று நனைந்திருந்தது.

பாத்தி ஓரத்தில் குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், ஒரு எவர்சில்வர் சருவம். முத்திருளாயி முழங்கால் வரை சேறாக நின்றார்.

"கழுவி விட்டுட்டேன் டீச்சரு" என்றார். "தொட்டியில இருந்தது, வீட்டுல இருந்தது, எல்லாத்தையும் ஊத்திட்டேன். நல்ல தண்ணிதான். ஒரு சொட்டுக் கெணத்துத் தண்ணி கலக்கல. உப்பெல்லாம் எறங்கிப் போயிரும். நீங்க வெளிநாடு போயிட்டு வாங்க."

உப்புக்குப் பழகிய அந்த ஜீவன்கள் இவ்வளவு நல்ல தண்ணீரை ஒரேயடியாகக் குடித்து, என் காலடியில் இந்நேரம் வெடித்துக்கொண்டிருக்கும். மண் நன்றாக மணத்தது.

"பூச்சி பொழச்சிருமா?" என்று கேட்டார்.

"பொழச்சுக்கும்" என்றேன். சில பிழைத்துக்கொள்ளும்.

"வீட்டுக்குக் குடிக்க?" என்று ஜபருல்லா கேட்டார்.

முத்திருளாயி மோவாயால் வானத்தைக் காட்டினார். "அதான் வந்துருச்சுல்ல."

மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரிய பெரிய துளிகளாக நாலைந்து விழுந்தன. பிளாஸ்டிக் கூரையில் அவற்றைத் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. முத்திருளாயி குடங்களை நிமிர்த்தி வைத்தார். காற்று திசை மாறியது. மேகம் எங்களைத் தாண்டி, அவசர வேலை இருப்பதுபோலக் கடல் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கடல்மேல் சாம்பல் திரையாக மழை இறங்குவது தெரிந்தது. வெயில் வந்துவிட்டது. "கடலுக்கு எதுக்குத் தண்ணி" என்றார் முத்திருளாயி. குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் காலையில் கத்தியதற்கு அவர் வீட்டில் அடுத்த லாரி வரும்வரை குடிக்கத் தண்ணீர் இல்லை. வேனில் இருந்த எங்கள் இரண்டு பாட்டில்களையும் ஜபருல்லா சத்தம் காட்டாமல் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தார்.

கிளம்பப் போனவளை, டீ குடிக்காமல் போகக் கூடாது என்று முத்திருளாயி உட்காரவைத்துவிட்டார். வேண்டாம் என்றேன். பாட்டில் தண்ணீரை ஊற்றுங்கள் என்றும் சொன்னேன். அது பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்றார்.

டீ வந்தது. முதல் வாயிலேயே கரித்தது. பால், சீனி, இஞ்சி எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு உப்பு நின்றது. ஜபருல்லா ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார். நானும் குடித்தேன். பாதி கிளாஸில் போன் அடித்தது.

"என்ன முடிவு பண்ணீங்க? மூணாவது பாத்தி மண்ணு எடுத்தாச்சா?" என்றார் துறைத் தலைவர்.

"இல்ல சார். மூணாவது பாத்தியைக் கட்டுரையிலிருந்து எடுத்துருங்க. ரெண்டு வருஷமா அதுக்கு உப்புத் தண்ணி ஊத்தியிருக்குன்னு கூட்டம் நடத்துறவங்களுக்கு எழுதிருங்க. நான் கூட்டத்துக்கு வரல."

"அப்புறம் ஆய்வை நீட்டிக்க மாட்டாங்க. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இப்பதான் டீ குடிச்சேன் சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஊருக்கு வந்து பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முத்திருளாயி வாசல்படியில் நின்று என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புத் தெரியுதா டீச்சரு?"

"தெரியுது."

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

கிளாஸை நீட்டினேன்.